டேலி, பழைய விபி சாஃப்ட்வேர், ஃபைல் சர்வர் எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்தச் சொல்றாரு மொதலாளி. எதை ஏத்தலாம், எதை விடலாம்?

ஆம்பூர்_கட்டிங்டேபிள்:

வணக்கம் எல்லாருக்கும். ஆம்பூர் பக்கத்துல ஷூ அப்பர் பண்ற யூனிட்ல இருக்கேன். வேலைக்கு சேந்தது அக்கவுண்ட்ஸ்க்குதான், ஆனா பிரிண்டர் மக்கர் பண்ணாலும் நெட் போனாலும் யாருக்காவது பாஸ்வேர்டு மறந்தாலும் என்னையதான் கூப்பிடுவாங்க, அப்படியே ஐடியும் என் தலையில வந்துடுச்சு. ராணிப்பேட்டை சிப்காட்ல சின்னதா ஒரு ஃபினிஷிங் யூனிட் இருக்கு, வேலூர்ல ஒரு ஆஃபீஸ் இருக்கு, மூணு எடத்துலயும் சேத்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றவங்க ஒரு பன்னெண்டு பேரு.

இப்ப ஓடிட்டு இருக்கறத சொல்லிடறேன். ஆம்பூர்ல ஒரு டவர் சர்வர், விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, அதுல எஸ்கியூஎல் சர்வர் 2014 எக்ஸ்பிரஸ் (மைக்ரோசாஃப்டோட இலவச டேட்டாபேஸ்). அது மேல விபி6-ல (விஷுவல் பேசிக்ங்கற பழைய புரோகிராம் மொழி) எழுதின ஒரு சாஃப்ட்வேர், தோல் உள்ள வர்றதுல இருந்து லாட் கார்டு, கட்டிங், வெளிய தைக்க அனுப்புற ஜாப் வொர்க் சலான் வரைக்கும் எல்லாம் அதுலதான். எழுதினவர் இப்ப துபாய்ல இருக்காரு, சோர்ஸ் கோடு ஒரு சிடியில இருக்கு. டேலி மல்டி யூசர் அதே சர்வர்ல. பேட்டர்ன், பையர் ஸ்பெக் ஷீட், போட்டோ எல்லாம் ஒரு ஷேர்டு ஃபோல்டர்ல, 200 ஜிபி கிட்ட வரும். மெயில் ஒரு பழைய ஹோஸ்டிங்ல, பாதி மெயில் ஸ்பாமுக்கு போகுது. பேக்கப்புன்னா தெனம் சாயங்காலம் ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணி அதை அதே ரூம்ல இருக்கற பீரோல வைக்கறோம்.

மொதலாளி ஏதோ மீட்டிங் போயிட்டு வந்து "எல்லாத்தையும் கிளவுட்ல போட்ரு, சர்வர் தொல்லையே வேணாம்"ன்னு சொல்லிட்டாரு. மெட்ராஸ்ல இருந்து ஒரு பார்ட்டி கொட்டேஷன் குடுத்திருக்காங்க, அதுல ஒரே ஒரு வரி, "கம்ப்ளீட் கிளவுட் மைக்ரேஷன், மாசம் இவ்ளோ". உள்ள என்ன இருக்குன்னு கேட்டா எல்லாம் இன்க்ளூடட் சார்ங்கறாங்க.

என் சந்தேகம் என்னன்னா, நெட் போனா கட்டிங் ஹால் நின்னுடுமா? அந்த விபி சாஃப்ட்வேர் அங்க ஓடுமா? டேலி டேட்டாவ டிரைவ்ல போட்டு எல்லாரும் ஓப்பன் பண்ணா போதும்னு பக்கத்து யூனிட்ல சொல்றாங்க, அது சரியா? அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க, ஏப்ரல்ல புது வருஷக் கணக்கு ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும்.

காட்பாடி_ஜங்ஷன்:

மொதல்ல கடைசிக் கேள்விக்கு பதில். டேலி டேட்டா ஃபோல்டர டிரைவ் மாதிரி சிங்க் ஆகற எடத்துல வச்சு நாலு பேரு ஓப்பன் பண்ணாதீங்க, சத்தியமா சொல்றேன் ஒரு நாள் இல்ல ஒரு நாள் டேட்டா கெட்டுடும். டிரைவ் பண்றது ஃபைல காப்பி எடுத்து மேல அனுப்பறது, அவ்ளோதான். ரெண்டு பேரு ஒரே நேரத்துல வவுச்சர் போட்டா யாரோட காப்பி நிக்கும்னு அதுக்குத் தெரியாது. டேலியோட பேக்கப் ஃபைல அதுல போடுங்க, தப்பே இல்ல. ஓடுற டேட்டாவ வேணாம்.

இப்ப விபி சாஃப்ட்வேர். இதுலதான் எல்லாரும் மாட்றாங்க, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். "டேட்டாபேஸ மட்டும் கிளவுட்ல ஏத்திடலாம், சாஃப்ட்வேர் உங்க பிசியிலயே இருக்கட்டும்"னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க. அந்தக் காலத்து புரோகிராம் எல்லாம் லேன்ல ஓடறதுக்குன்னு எழுதினது, ஒரு ஃபார்ம் ஓப்பன் பண்ணா உள்ளுக்குள்ள நூத்துக்கணக்குல சின்னச் சின்ன கொரி, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்வி, போகும், ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு தடவ, ஒவ்வொரு ஆர்ட்டிக்கிளுக்கும் ஒரு தடவ. லேன்ல ஒரு தடவ போய்ட்டு வர ஒரு மில்லி செகண்ட் கூட ஆகாது. மும்பை டேட்டா சென்டருக்கு போய்ட்டு வர 30 மில்லி செகண்டுன்னு வச்சுக்கோங்க, 500 கொரின்னா 15 செகண்ட். லாட் கார்டு ஓப்பன் பண்ற ஒவ்வொரு தடவையும் 15 செகண்டு முழிச்சுகிட்டு உக்காரணும். லைன் ஸ்பீட 100 எம்பிபிஎஸ்ல இருந்து 300 ஆக்கினாலும் இது மாறாது, ஏன்னா பிரச்சனை ஸ்பீடு இல்ல, தூரம். ரெண்டுத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியாம லைன அப்கிரேட் பண்ணி காசு விட்டவங்க நெறைய பேரு.

அப்போ வழி என்ன, புரோகிராமும் டேட்டாபேஸும் ரெண்டுமே ஒரே எடத்துல இருக்கணும். ரெண்டையும் கிளவுட் மெஷின்ல போட்டு நீங்க ரிமோட் டெஸ்க்டாப்ல போய் வேலை பாக்கலாம், ஸ்க்ரீன் மட்டும்தான் உங்களுக்கு வரும். டேலிக்கும் அதே வழிதான். டேலி கம்பெனியே கிளவுட்ல வச்சு குடுக்கற சர்வீஸ் ஒண்ணு இருக்கு, அதையும் வெல கேட்டுப் பாருங்க.

ஆனா ரிமோட் டெஸ்க்டாப்புன்னா லைசென்ஸ் கேளுங்க. விண்டோஸ் சர்வர்ல ரெண்டு பேரு வரைக்கும் அட்மின் வேலைக்குன்னு உள்ள வரலாம், அதுக்கு மேல ஒவ்வொரு ஆளுக்கும் ஆர்டிஎஸ் கால்னு ரிமோட் டெஸ்க்டாப்புக்கான தனி லைசென்ஸ் வாங்கணும். வாங்காம செட்டப் பண்ணா 120 நாள் சும்மா ஓடும், எல்லாரும் சந்தோஷமா இருப்பீங்க, அப்புறம் ஒரு நாள் காலையில யாருக்கும் லாகின் ஆகாது. கொட்டேஷன்ல அந்த வரி இருக்கான்னு பாருங்க.

பாலாறு_பாய்:

இன்னா தலைவா எல்லாரும் ஏத்து ஏத்துன்னு சொல்லிகினு இருக்கீங்க, நான் கொஞ்சம் உல்டாவா சொல்றேன். நான் வாணியம்பாடி, இந்த சைடுல டேனரிங்களுக்கு நெட்வொர்க் வேலை பாக்கறேன். பன்னெண்டு பேருக்கு கிளவுட் சர்வர் எதுக்கு? நல்லதா ஒரு புது சர்வர், ரெண்டு டிஸ்க் மிரர் (ரெண்டுலயும் ஒரே டேட்டா), நல்ல யூபிஎஸ், ஏசி. அக்னி நட்சத்திரத்துல வேலூர்ல வெளியவே 40 டிகிரிக்கு மேல அடிக்குது, உங்க சர்வர் ரூம்ல ஏசி கீதா மொதல்ல? சூடு ஏறினா ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகாது.

ரோட தோண்டறானுங்க, ஃபைபர் கட்டாவுது, அன்னிக்கு ஃபுல்லா நெட் கெடையாது, இது இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஷிப்மென்ட் போற அன்னிக்கு கட்டானா இன்னா பண்ணுவீங்க?

ஆனா பேக்கப் மேட்டர்ல கிளவுட் வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். ஹார்ட் டிஸ்க்க அதே ரூம்ல பீரோல வச்சா அது பேக்கப்பா? வேலூர பத்தி பழசா சொல்லுவாங்கல்ல, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்னு, அந்த லிஸ்ட்ல சேக்கலாம் உங்க பேக்கப்ப. கோட்டைக் கோயில்ல 1981-ல லிங்கத்த திரும்ப கொண்டாந்து வச்சுட்டாங்க, பாலாத்துலயும் 2021 நவம்பர்ல கரை புரண்டு தண்ணி வந்துச்சு. உங்க டிஸ்க்கு மட்டும்தான் இன்னும் அப்டியே கீது. சர்வர் கிரவுண்ட் ஃப்ளோர்லயா வச்சிருக்கீங்க? அதையும் யோசிங்க.

இங்க ஒரு யூனிட்ல, பேரு வேணாம், வீட்ல இருந்து டேலி பாக்கணும்னு ரவுட்டர்ல 3389 போர்ட்ட, ரிமோட் டெஸ்க்டாப் உள்ள வர்ற வாசல், அப்டியே ஓப்பன் பண்ணி வச்சிருந்தாங்க. ஒரு திங்கக்கிழமை வந்து பாத்தா எல்லா ஃபைலும் லாக்கு, பணம் கட்டுன்னு ஒரு நோட்டு. எக்ஸ்டெர்னல் டிஸ்க் எப்பவும் சர்வர்லயே சொருகி வச்சிருந்தாங்க, அதுவும் சேந்து போச்சு. கிளவுட்ல போனாலும் இதே போர்ட்ட இதே மாதிரி தொறந்து வச்சா இதேதான் நடக்கும், மெஷின் மும்பைல இருந்தா இன்னா ஆம்பூர்ல இருந்தா இன்னா. விபிஎன் (பூட்டுன தனி வழி) போடுங்க, இல்லன்னா ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே போடுங்க, ஓடிபி மாதிரி ரெண்டாவது பூட்டு ஒண்ணு கண்டிப்பா போடுங்க.

காட்பாடி_ஜங்ஷன்:

பாய் சொன்ன சூடு, பேக்கப் ரெண்டும் நூத்துக்கு நூறு. நெட் கட்டானா வேலை நிக்கும்ங்கறத மட்டும் பாதிதான் ஒத்துக்குவேன். இ-இன்வாய்ஸ் ஐஆர்என் நம்பர், இ-வே பில் ரெண்டுக்கும் இப்பவே நெட் வேணும், நெட் இல்லாம லாரி கேட்ட தாண்டாது. சர்வர் உங்க ரூம்ல இருந்தாலும் இதே கததான். அதனால எந்த முடிவு எடுத்தாலும் ரெண்டாவது லைன் ஒண்ணு போடுங்க, வேற கம்பெனியில, முடிஞ்சா ஃபைபர் இல்லாம 4ஜி 5ஜில வர்றதா. ரெண்டு ஃபைபரும் ஒரே கம்பத்துல வந்தா ஒரே ஜேசிபி ரெண்டையும் வெட்டிட்டு போயிடும்.

குடியாத்தம்_கணக்குப்பிள்ளை:

நண்பருக்கு வணக்கம். நான் ஆடிட்டர் ஆஃபீஸ்ல இருக்கேன், டெக்னிக்கலா எனக்கு அதிகம் தெரியாது, சட்டம் பக்கம் மட்டும் சொல்றேன். உங்களுது பார்ட்னர்ஷிப்பா பிரைவேட் லிமிடெட்டா? லிமிடெட்னா கீழ வர்றதெல்லாம் உங்களுக்குப் பொருந்தும்.

கம்பெனிகள் கணக்கு விதிய 2022 ஆகஸ்ட்ல திருத்தினாங்க, கணக்கு எலக்ட்ரானிக்கா வச்சிருந்தா அதோட பேக்கப் இந்தியாவுக்குள்ள இருக்கற சர்வர்ல தெனமும் இருக்கணும். முன்னாடி "அவ்வப்போது"ன்னு இருந்தத "தினசரி"ன்னு மாத்தினதுதான் அந்தத் திருத்தம். அதனால வெண்டர் எந்த ரீஜன்ல, அதாவது எந்த ஊரு டேட்டா சென்டர்ல வைக்கறாருன்னு எழுத்துல வாங்குங்க, சிங்கப்பூர்ல கம்மி வெலன்னு அங்க கொண்டு போய் வச்சிட்டா ஆடிட்ல கேள்வி வரும். கிளவுட்ல வச்சா சர்வீஸ் குடுக்கறவங்க பேரு, அவங்க குடுக்கற அட்ரஸ் இதெல்லாம் வருஷா வருஷம் ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட் ஃபைல் பண்றப்போ ஆர்ஓசிக்கு (கம்பெனி பதிவாளர்) தெரிவிக்கணும், அதுவும் நெறைய பேரு விட்டுடறாங்க.

அடுத்தது ஆடிட் டிரெயில், 2023 ஏப்ரல் 1-ல இருந்து. யாரு எப்ப எந்த வவுச்சர மாத்தினாங்கன்னு அணைக்க முடியாத மாதிரி பதிவாகணும். டேலில எடிட் லாக்னு இருக்கு. உங்க விபி சாஃப்ட்வேர் வெறும் ஸ்டாக், லாட் கார்டோட நிக்குதா, இல்ல அதுல இருந்து கணக்குக்கும் என்ட்ரி போகுதான்னு பாத்து வைங்க, போகுதுன்னா ஆடிட்டர்கிட்ட இப்பவே பேசிடுங்க.

பழைய டேட்டாவையும் தூக்கி எறிய முடியாது. கம்பெனி சட்டத்துக்கு 8 வருஷம், ஜிஎஸ்டிக்கு வருஷ ரிட்டர்ன் கடைசித் தேதியில இருந்து 72 மாசம். சாஃப்ட்வேர மாத்தினாலும் பழைய வருஷத்த தொறந்து காட்ட ஒரு வழி இருக்கணும். பழைய சர்வர காயலான் கடைக்குப் போட்டுட்டு, அப்புறம் நோட்டீஸ் வந்தப்ப முழிக்கறவங்கள நான் பாத்துட்டே இருக்கேன்.

ஆற்காடு_மக்கன்பேடா:

பன்னெண்டு பேருக்கு இவ்ளோ பெரிய ஆராய்ச்சியா ப்ரோ 😀 ஜோஹோல எல்லாத்தையும் மாத்திட்டு போயிட்டே இருங்க, நாங்க கடைக்கு அப்டிதான் பண்ணோம், ஒரு தொல்லையும் இல்ல.

சத்துவாச்சாரி_பொண்ணு:

மக்கன்பேடா ப்ரோ, கடைக்கு அது சரி. மெயில், பில்லிங் மாதிரி எல்லாருக்கும் பொதுவான வேலைக்கு ரெடிமேடா வாடகைக்கு எடுக்கறதுதான் புத்திசாலித்தனம். ஆனா தோல் ஸ்கொயர் ஃபீட்ல வாங்கி, கிரேடு பிரிச்சு, லாட் லாட்டா கட்டிங்குக்கு குடுத்து, எவ்ளோ வேஸ்டேஜுன்னு பாக்கற கதை ரெடிமேட் சாஃப்ட்வேர்ல அவ்ளோ சுலபமா உக்காராது. அதனாலதான் அந்த விபி சாஃப்ட்வேர் இத்தன வருஷம் உயிரோட இருக்கு.

நான் சென்னைல கிளவுட் டீம்ல வேலை பாக்கறேன், வீடு சத்துவாச்சாரி. அந்த ஒத்த வரி கொட்டேஷன்தான் எனக்கு உறுத்துது, அதைப் பத்தி சொல்றேன். அண்ணா, அதை அஞ்சா ஒடச்சு குடுக்கச் சொல்லுங்க: மெஷின், டிஸ்க், லைசென்ஸ், நெட்வொர்க், அவங்க கூலி. ஒடைக்க மாட்டேன்னா வேற ஆள பாருங்க.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. கிளவுட் அக்கவுண்ட் யாரு பேர்ல? கண்டிப்பா உங்க கம்பெனி மெயில், உங்க ஜிஎஸ்டி நம்பர், ரூட் பாஸ்வேர்டு, அதாவது மாஸ்டர் சாவி, உங்க மொதலாளி கையில. வெண்டருக்கு ஒரு யூசர் மட்டும் குடுங்க, வேண்டாம்னா நாளைக்கே எடுத்துடலாம். அவங்க அக்கவுண்ட்லயே உங்க மெஷினும் ஓடினா, நாளைக்கு சண்டைன்னு வந்தா உங்க டேட்டாவ நீங்களே கெஞ்சி வாங்கணும். இந்தியா பில்லுல ஜிஎஸ்டி 18% போடுவாங்க, உங்க நம்பர் இருந்தாத்தான் கிரெடிட் எடுக்க முடியும்.

பில்லு ஏறுற எடம் எங்கன்னா, மெஷின ஆஃப் பண்ணா காசு நின்னுடும்னு நெனப்பாங்க. மெஷின் காசு நிக்கும், டிஸ்க் காசு ஓடிட்டுதான் இருக்கும். அமேசானோட கிளவுட் ஏடபிள்யூஎஸ்ல 2024 பிப்ரவரில இருந்து பப்ளிக் ஐபிக்கும் தனியா காசு, மணிக்கு அரை சென்ட், மாசம் மூணரை டாலர் சொச்சம். சின்னதுதான், ஆனா தேவையில்லாம அஞ்சு ஐபி எடுத்து வச்சிருப்பாங்க. உள்ள டேட்டா ஏத்த காசு கெடையாது, வெளிய எடுக்கத்தான் காசு, அதுலயும் மாசம் மொத 100 ஜிபி ஃப்ரீ. ரிமோட் டெஸ்க்டாப்ல பன்னெண்டு பேரு வேலை பாத்தா அந்த ஃப்ரீக்குள்ளயே அடங்கலாம், ஆனா அந்த 200 ஜிபி போட்டோவ அங்க வச்சு தெனமும் எறக்கிப் பாத்தா அடங்காது.

நீங்க காலைல 9 டு 7 வேலை, வாரம் ஒரு நாள் லீவுன்னா மாசம் 260 மணி நேரம். மாசத்துல மொத்தம் 730 மணி நேரம். ராத்திரி தானா ஆஃப் ஆகற மாதிரி வச்சா மெஷின் காசு மூணுல ஒரு பங்கு சொச்சம்தான். ஆனா வெண்டர் "மூணு வருஷ பிளான் எடுங்க, டிஸ்கவுண்ட்"னு சொல்லுவாரு. அந்த பிளான் எடுத்தா மெஷின் ஓடினாலும் ஓடாட்டியும் காசு, அப்புறம் ராத்திரி ஆஃப் பண்ணி பிரயோஜனமே இல்ல. மொத மூணு மாசம் எந்த பிளானும் எடுக்காதீங்க, எவ்ளோ பெரிய மெஷின் வேணும்னு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.

ரீஜன் எதுன்னு பாத்தா, ஏடபிள்யூஎஸ்க்கு மும்பையும் ஹைதராபாத்தும் இருக்கு, ஹைதராபாத் 2022-ல வந்தது. மைக்ரோசாஃப்டோட அஸூர்ல சவுத் இந்தியான்னா அது சென்னை, சென்ட்ரல் இந்தியான்னா பூனா, இந்த ரெண்டுல அவைலபிலிட்டி ஜோன் (ஒரே ரீஜனுக்குள்ள தனித்தனி டேட்டா சென்டர்) பூனாலதான் இருக்கு. உங்களுக்கு எது ஓகேன்னா, ஆஃபீஸ் லைன்ல இருந்து ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ மில்லி செகண்ட் ஆகுதுன்னு நீங்களே பாத்துக்கோங்க. சென்னை பக்கத்துல இருக்குன்னு நேரா அங்கயே போகும்னு நெனக்காதீங்க, உங்க நெட் கம்பெனி மும்பை வழியா சுத்தி அனுப்பறதும் உண்டு.

ஆம்பூர்_கட்டிங்டேபிள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. கம்பெனி பிரைவேட் லிமிடெட்தான் சார். வெண்டர்கிட்ட ஒடச்சு கேட்டேன், ஆர்டிஎஸ் லைசென்ஸ் இல்ல, "அது அப்புறம் பாத்துக்கலாம்"ங்கறாரு. அக்கவுண்ட் அவங்க பேர்லதானாம்.

ரெண்டு விஷயம் மொதல்ல சொல்ல விட்டுப்போச்சு. ராணிப்பேட்டைல தோல் அளக்கற மெஷின் இருக்கு, ஒவ்வொரு தோலும் எத்தன ஸ்கொயர் ஃபீட்னு சீரியல் போர்ட் வழியா அங்க இருக்கற பிசிக்கு வரும், அது லேபிள் அடிக்கும். அதுவும் இந்த விபி சாஃப்ட்வேர்தான், தனி டேட்டாபேஸ், சாயங்காலம் ஃபைலா எடுத்து ஆம்பூருக்கு மெயில் பண்ணுவாங்க. ரெண்டாவது, ஆம்பூர் டேட்டாபேஸ் இன்னிக்கு பாத்தேன், 9 ஜிபிய தாண்டிடுச்சு. இது ஏதாச்சும் பிரச்சனையா?

காட்பாடி_ஜங்ஷன்:

பிரச்சனையான்னு கேக்கறீங்களா! உங்க 2014 எக்ஸ்பிரஸ்ல ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிதான். தொட்டுச்சுன்னா புது என்ட்ரி எதுவும் உள்ள போகாது, கிளவுட் பத்தி நீங்க முடிவெடுக்கற வரைக்கும் அது காத்திருக்காது. உள்ள போய் எந்த டேபிள் பெருசுன்னு பாருங்க, முக்காவாசி நேரம் ஏதாச்சும் லாக் டேபிளோ இல்ல டேட்டாபேஸுக்குள்ளயே சொருகி வச்ச போட்டோவோதான் இருக்கும். அதை வெளிய எடுத்தாலே ரெண்டு வருஷம் மூச்சு விடலாம். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு முழு பேக்கப். எக்ஸ்பிரஸ்ல ஏஜென்ட் (நேரத்துக்கு வேலைய தானா ஓட்டறது) கெடையாது, அதனால தானா பேக்கப் எடுக்கறதுக்கு விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்லதான் ஒரு ஸ்க்ரிப்ட் போடணும்.

தோல் அளக்கற மெஷின தொடாதீங்க. அது அங்கயே இருக்கட்டும், நெட் போனாலும் லேபிள் அடிக்கணும். சாயங்காலம் மெயில் அனுப்பறதுக்கு பதிலா அந்த ஃபைல தானா மேல தள்ற மாதிரி பண்ணா போதும். எல்லாத்தையும் ஏத்தணும்னு மொதலாளி சொன்னாலும் இது ஒண்ண விட்டுடச் சொல்லுங்க, காரணம் கேட்டா கட்டிங் ஹால் நிக்கும்னு சொல்லுங்க, புரிஞ்சுடும்.

நானா இருந்தா இந்த ஆர்டர்ல போவேன். மெயில் மொதல்ல, நாளைக்கே. ஜோஹோவோ கூகுளோ எதுவோ ஒண்ணு, எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்கு வரணும்னு சொல்ற டொமைன் செட்டிங்) மாத்தறதுக்கு முன்னாடி நாளே டிடிஎல்ல (பழைய செட்டிங்க மத்தவங்க ஞாபகம் வச்சுக்கற நேரம்) கொறச்சு வைங்க, மெயில் நெஜமாவே உங்ககிட்ட இருந்துதான் வருதுன்னு காட்டற எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டையும் சரியா போடுங்க, ஸ்பாமுக்குப் போறது அதுல நல்லா கொறையும். அப்புறம் பேக்கப், அதுவும் இந்த வாரமே. ஏடபிள்யூஎஸ்ஸோட ஸ்டோரேஜ் எஸ்3 மும்பைல 200 ஜிபிக்கு மாசம் சுமார் 5 டாலர்தான், ஆப்ஜெக்ட் லாக்க கம்ப்ளையன்ஸ் மோடுல போட்டுட்டா நீங்க வச்ச நாள் வரைக்கும் யாராலயும் அழிக்க முடியாது, வைரஸ் வந்தாலும். சர்வர்ல இருந்து மேல எழுத மட்டும் அனுமதி இருக்கற ஒரு கீ குடுங்க. உங்க அப்லோடு 20 எம்பிபிஎஸ்னா 200 ஜிபி போக முழு வேகத்துல 22 மணி நேரம் ஆகும், பகல்ல ஓட்டினா எல்லாரும் உங்கள திட்டுவாங்க, ராத்திரி மட்டும் ஓட்டுங்க, நாலஞ்சு நாள் ஆகட்டும்.

டேலியும் விபியும் மூணாவது. 2012 ஆர்2-க்கு சப்போர்ட் 2023 அக்டோபர்லயே முடிஞ்சது, எஸ்கியூஎல் 2014-க்கு 2024 ஜூலைல. அதனால சர்வர மாத்தித்தான் ஆகணும், அதுல சந்தேகம் இல்ல. கிளவுட்லயா, பாய் சொல்ற மாதிரி புது டப்பாவான்னு முடிவு பண்ண, ஒரு கிளவுட் மெஷின ஒரு மாசம் வாடகைக்கு எடுத்து ரெண்டையும் அதுல ஏத்தி மூணு ஊர்ல இருந்தும் ஆளுங்கள வச்சு ஓட்டிப் பாருங்க. பிடிக்கலன்னா அழிச்சிடலாம், ஒரு மாச வாடகைதான் போகும். புது டப்பா வாங்கிட்டா திருப்பிக் குடுக்க முடியாது, பாய் கோச்சுக்க வேணாம் 🙂

அந்த சிடிய இன்னிக்கே காப்பி எடுத்து வைங்க. விபி6 ரன்டைம் இப்ப வர்ற விண்டோஸ்லயும் ஓடும், ஆனா டேட்டாபேஸோட பேசற பழைய ப்ரொவைடருக்கு (நடுவுல இருக்கற டிரைவர்) டிஎல்எஸ் 1.2-ங்கற புது என்கிரிப்ஷன் தெரியாது, அதை மாத்த கோடுல ஒரு வரி தொட வேண்டி வரலாம்.

பாலாறு_பாய்:

கோவம்லாம் இல்ல பா. ஆனா ட்ரையல் ஓட்டறப்போ ஒண்ணு கண்டிப்பா செக் பண்ணுங்க, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஜாப் வொர்க் சலான் மூணு காப்பி கார்பன்ல அடிக்கறீங்கல்ல? ரிமோட்ல போனா பேப்பர் சைஸ் எகிறிடும், பாதி வரி அடுத்த பேப்பர்ல அடிக்கும். எங்க போனாலும் மொத சண்டை இதுலதான்.

இன்னொண்ணு, மாத்தற நாளுக்கு முன்னாடி பேக்கப்ப வேற மெஷின்ல ஒரு தடவ திருப்பி ஏத்தி, போன மாச ஸ்டாக் ரிப்போர்ட்டும் டேலி டிரையல் பேலன்ஸும் பைசா சுத்தமா பழசோட ஒத்துப் போவுதான்னு பாருங்க.

சத்துவாச்சாரி_பொண்ணு:

பாய் சொன்னதோட சேத்து ஒண்ணு. 2014 டேட்டாபேஸ புது வெர்ஷன்ல ஏத்தலாம், ஆனா அங்க இருந்து பேக்கப் எடுத்து திரும்ப 2014-ல எறக்க முடியாது. அதனால ஒரிஜினலா மாத்தற அன்னிக்கு, எத்தன மணிக்குள்ள சரியா வரலன்னா பழசுக்கே திரும்பறதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. அந்த நேரத்த தாண்டிட்டா அன்னிக்கு புதுசுல போட்ட என்ட்ரிய கையாலதான் பழசுல போடணும். பழைய சர்வர்ல டேட்டாபேஸ ரீட் ஒன்லில மாத்திடுங்க, இல்லன்னா யாராச்சும் பழைய ஐகான அமுக்கி அதுலயே சலான் போட்டுட்டு இருப்பாங்க.

ஆம்பூர்_கட்டிங்டேபிள்:

டாட் மேட்ரிக்ஸ் பத்தி யோசிக்கவே இல்ல பாய், ராணிப்பேட்டைல ரெண்டு, இங்க ஒண்ணு ஓடுது. மொதலாளிகிட்ட பேசிட்டேன். மெயிலும் பேக்கப்பும் இந்த மாசம், டேலியும் விபியும் ஒரு மாசம் ட்ரையல், தோல் மெஷின் அங்கயே. அக்கவுண்ட் கம்பெனி பேர்ல எடுக்க ஒத்துக்கிட்டாரு, ஆனா ரெண்டாவது லைன் எதுக்கு தண்டம்னு கேக்கறாரு. இ-வே பில் வராம லாரி நின்ன கதையெல்லாம் எடுத்து சொல்லிட்டு இருக்கேன். 9 ஜிபில 6 ஜிபி ஏதோ பேக்கப் டேபிள்னு பழைய வருஷ காப்பி நாலு இருக்கு, எழுதினவர் விட்டுட்டு போயிருக்காரு போல. அதை அழிக்கலாமா, இல்ல கணக்குப்பிள்ளை சார் சொன்ன 8 வருஷத்துல அதுவும் வருமா?

குடியாத்தம்_கணக்குப்பிள்ளை:

அதே பதிவுகள் மெயின் டேபிள்லயும் முழுசா இருந்தா காப்பிய அழிக்கலாம், தடை இல்ல. ஆனா வருஷ வாரியா ரெண்டுத்துலயும் ரெக்கார்டு எண்ணிக்கையும் மொத்த ஸ்கொயர் ஃபீட்டும் ஒண்ணா வருதான்னு பாத்துட்டு அழிங்க. ஏதாச்சும் ஒரு வருஷம் மெயின்ல கொறஞ்சா அந்தக் காப்பிதான் உங்க ஒரிஜினல், தொடாதீங்க.